கஞ்சாவுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

"குடிப்பீங்களா?"

என் கணையத்தில் கல் இருப்பதை ஸ்கேனில் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கில்கூட ஒயின் சேர்க்க மாட்டார்கள். இல்லை என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, உண்மையைச் சொன்னால்தான் வைத்தியம் செய்ய முடியும் என்றார். அன்று பற்றிய எரிச்சல் பதினேழு வருடமாகியும் அணையவில்லை.

குடிக்காதவர்களுக்கும் இது வரும், எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். ஒரு காலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் தலையில் பழியைப் போட்டார்களாம். இப்போது அதுவும் உறுதியில்லையாம். காரணம் தெரியாது, வலி மட்டும் நன்றாகத் தெரியும். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்து, அப்படியே முதுகுக்குப் போகும். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கலாம். கொட்டாரத்தில் நான் குமாஸ்தாவாக இருக்கும் பள்ளிக்கூட ஆபீசில், பீரோவுக்குப் பின்னால் தரையில் அப்படி உட்கார்ந்து எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறேன். கணையம் கெட்டதால் சர்க்கரையும் வந்தது. தினமும் இன்சுலின். சோற்றைப் பார்த்தால் எனக்குப் பசி வராது, பயம்தான் வரும்.

வலிக்குக் கேட்கிற மாத்திரை ஒன்று இருந்தது. பையன்கள் அதைப் போதைக்காக வாங்குகிறார்கள் என்று கெடுபிடி வந்துவிட்டது. வரட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கோட்டாறில் ஒரு மருந்துக்கடையில், நாற்பத்தொன்பது வயதுக்காரி, சேலை கட்டி, டாக்டர் சீட்டோடு நிற்கிறேன், கடைக்காரர் அந்தச் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சீல் உண்மையா என்று பார்க்கிறாராம். பின்னால் நின்றவர்கள் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். ஸ்டாக் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ரோட்டில் இறங்கி நின்று அழுதேன். வலியில் அல்ல, ஆத்திரத்தில்.

இதைக் கேட்டுத்தான் பெங்களூரில் இருக்கும் என் தம்பி அந்த எண்ணெயைப் பற்றிச் சொன்னான். கஞ்சா இலையிலிருந்து எடுத்தது. ஆயுர்வேத டாக்டர் ஒருவர் என்னோடு வீடியோவில் அரைமணி நேரம் பேசி, பழைய ரிப்போர்ட்டையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்து, என் பெயருக்குச் சீட்டு எழுதினார். சட்டப்படிதான் எல்லாம். கூரியரில் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று வந்தது. அதை ஃப்ரிட்ஜ் கதவில், என் மற்ற மருந்துகளோடு வைத்தேன். வீட்டுக்காரரிடம் ஒளிக்கவில்லை, இன்னதென்று சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

பதினோரு நாள் அந்தக் குப்பியைத் திறக்காமல் யோசித்தேன். என் வழக்கமான டாக்டரிடம் கேட்கப் போனேன். கஞ்சா என்ற வார்த்தையைச் சொன்னதும் மனுஷன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, அவர் பாவம், ஒளிக்காமல்தான் பேசினார். என் நோய்க்கு இது கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றார். கஞ்சா எடுத்தே கணையம் வீங்கினவர்களும் உண்டு, வாந்தி வரலாம், தலை சுற்றலாம், சர்க்கரை இறங்கினால் அது தெரியாமல் போய்விடலாம் என்றார். எடுக்கலாமா கூடாதா என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஃபைலிலும் ஒரு எழுத்து எழுதவில்லை. பயம். அவருக்குப் பயப்பட ஒரு வேலை இருக்கிறது, எனக்கு வயிறல்லவா இருக்கிறது.

எனக்கும் பயம் இல்லாமலில்லை. போதை ஒழிப்பு உறுதிமொழியைப் பிள்ளைகளுக்கு டைப் செய்து கொடுத்தவளே நான்தான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி கஞ்சா விற்றவனைப் பிடித்தபோது, நன்றாக வேணும் என்று சொன்னவளும் நான்தான். கேட்காவிட்டால்கூடப் பரவாயில்லை, கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். வலியில்லாமல் ஒரு மாதம் இருந்து பழகிவிட்டு, பிறகு இன்னொரு கடையில் இன்னொருவர் முன்னால் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு பக்கம், இரண்டு இட்லி. பயமில்லாமல் இரண்டு இட்லி சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இதையெல்லாம் நானே எடை போட்டுப் பார்த்து முடிவு செய்திருப்பேன், என்னை விட்டிருந்தால்.

எங்கள் சபையில் வாசலில் ஒரு பெட்டி உண்டு. ஜெபக் குறிப்பை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பிறகு வாசிப்பார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. பதினேழு வருடமாக வாராவாரம், மழைக்கும் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அடுத்தபடியாக, "கணைய நோயால் அவதிப்படும் சகோதரி" என்று நான் அதில் இருந்துவருகிறேன். அந்தப் பன்னிரண்டாவது நாள் ஞாயிறு. பெண்கள் சங்கச் செயலாளர் அம்மா ஒவ்வொரு தாளாக வாசித்துக்கொண்டே வந்தவர், ஒன்றை எடுத்து ஒரு நிமிடம் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மைக்கில் குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம், வாசித்தார்: "என் வீட்டில் உள்ள ஒருவரைக் கஞ்சா என்னும் கண்ணியிலிருந்து விடுவித்தருளும்."

சபை அறிவிப்புப் பலகையில் பன்னிரண்டு வருடமாகச் சாக்பீசால் எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். அவர் கையெழுத்து எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இருப்பது மொத்தம் இரண்டு பேர். எழுதியவர் அவரென்றால் மிச்சம் யார்? பெயர் போடவில்லையே என்று பிறகு என்னிடம் சத்தியம் பண்ணினார். உண்மையிலேயே அவருக்கு அது தோன்றவில்லை. பெயர் போடவில்லை என்றால் யாருக்கும் தெரியாது என்று நம்பிப் போட்டிருக்கிறார் மனுஷன். செயலாளர் அம்மா நிமிர்ந்து பெண்கள் பக்கம் நான் இருந்த மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். முன்னால் இருந்த கொண்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

இன்னும் ஒரு சொட்டு என் நாக்கில் படவில்லை. அதற்குள் எனக்கு விடுதலை கேட்டு இருநூறு பேர் ஆமென் சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். சபைப் போதகர் ஐயர் வந்தார், செயலாளர் அம்மா வந்தார், கூட மூன்று பெண்கள். பதினேழு வருடத்தில் நான் வாந்தி எடுக்கும்போது வாளி பிடிக்க இவர்களில் ஒருவர் வந்ததுண்டா? ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் ஒருவர் ஒரு தூக்குவாளிக் கஞ்சி கொண்டுவந்ததுண்டா? கஞ்சா என்றதும் ஐந்து பேர். டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். செயலாளர் அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. பிசாசுக்குச் சீட்டு எழுதவும் தெரியும் என்றார். பாட்டு முடிந்து, வசனம் முடிந்து, அந்தப் பொருளை இப்போதே எல்லார் கண் முன்னாலும் கொட்டிவிடுவது நல்ல சாட்சியாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பவில்லை. வீட்டுக்காரர் எழும்பினார். ஃப்ரிட்ஜைத் திறந்தார், கதவில் கையை விட்டார், ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு சிங்குக்குப் போனார். மூடியைத் திருகிக் கடைசிச் சொட்டுவரை ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஐயர் கண்ணை மூடி நன்றி சொன்னார். நான் கண்ணை மூடவில்லை. நான் அந்தக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என் வைட்டமின் சொட்டு மருந்து.

டீ போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினேன். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி.

"நீங்க ஊத்துனது எனக்க வைட்டமின்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்து, வாசியுங்க என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இது எதுக்கு, எப்ப எடுக்கணும் என்று கேட்டேன். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. இன்சுலின் எதுவென்றே தெரியவில்லை. நான் மயங்கி விழுந்தால் எதைக் கொடுப்பார், இன்னொரு ஜெபக் குறிப்பா? கத்தினேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படிதான் கத்தினேன்.

"பதினேழு வருசமா எனக்கு என்ன மருந்துன்னு தெரியல. இது வேண்டாம்னு மட்டும் உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

அவர் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தார். "பயந்துட்டேன் பாத்துக்க," என்றார் கடைசியில். "நீ வேற ஆளா மாறிருவியோன்னு."

வலியில் சுருண்டு கிடக்கிறவள்தான் அவருக்குப் பழகிய ஆள்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த எண்ணெயை முதன்முதலாக எடுத்தேன். ஆத்திரத்தில் எடுக்கக் கூடாது என்று நான்கு நாள் பொறுத்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி, சர்க்கரை பார்க்கிற மெஷினைக் கையில் கொடுத்து, மணிக்கொருதரம் பார்த்து எழுதச் சொன்னேன். எழுதினார், அந்த அழகான கையெழுத்தில். இரண்டு மாதமாகிறது. வலி போய்விட்டதா என்றால் போகவில்லை. சில நாள் பாதியாகிறது. சில நாள் வாய் வறண்டு தலை சுற்றுவதுதான் மிச்சம். இரண்டு இட்லி சாப்பிட்ட நாள் ஒன்பது. வேண்டாமென்று தோன்றினால் நானே நிறுத்துவேன். டாக்டரிடம் போய் எடுக்கிறேன் என்று சொன்னேன், ஃபைலில் எழுதுங்கள் என்று நின்று எழுத வைத்தேன்.

சபையில் நான் விடுவிக்கப்பட்டவள். அந்தக் குறிப்புக்கு நன்றி ஜெபம்கூட ஏறெடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத விட்டாச்சு இல்லியா?" என்று கேட்கிறார்கள். வலி எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.