வெலிச்கோ தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதம்

எங்கள் ரூசே ஊர் ஓய்வூதியர்களின் இணையக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம்: பெயர், பிறந்த வருஷம், பார்த்த வேலை. கூடவே ஒரு போட்டோ. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து யாரையோ யாருக்கோ இணைத்துக் கொடுத்த ராய்னா நான். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. அதை நான் எந்த லட்சணத்தில் காப்பாற்றினேன் என்பது ஊருக்கே தெரியும். இப்போது குழு நிர்வாகி என்ற பெயரில் யாரிடமும் எதையும் கேட்கலாம். அதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பதிவு வந்தது. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் டை கட்டிய ஒரு மனிதர் நேராக முறைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கறுப்புக் கோடு. கீழே இப்படி எழுதியிருந்தது: “வெலிச்கோ ஸ்லாவோவ், 1950 – . துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். அன்பான கணவர், பாசமுள்ள தந்தை. யாருக்கும் தீங்கு நினைக்காதவர்.”

இந்த மாதிரித் தாளை நாங்கள் தினமும் பார்க்கிறோம், வாசல் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில். செத்தவுடன் ஒன்று ஒட்டுவார்கள், நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். ஆகவே சிறு கோட்டுக்குப் பிறகு வருஷம் இல்லாதது என் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சாவுக்கு எங்கள் ஊரில் சொல்கிறபடி “கடவுள் அவரை மன்னிக்கட்டும்” என்று முதல் ஆளாக எழுதினேன்.

மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தங்கமான மனிதராம். உழைப்பாளியாம். இந்த மாதிரி ஆட்கள்தான் சீக்கிரம் போய்விடுகிறார்களாம். எங்கே பார்த்தோம், எப்போது பழகினோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு மூக்கில் வேர்த்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். எங்கள் ஊர் ஆற்றின் பெயரைச் சேர்த்து துனாவ்-52 என்று பெயர் வைத்துக்கொண்டவர். “தங்கமானவனாவது ஒண்ணாவது. தாப்லா ஆட்டத்துல தோத்தா பலகையைத் தட்டிவிட்டுட்டுப் போற பிடிவாதக்காரன். இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருக்கலாம்.” தாப்லா என்பது எங்கள் ஊர்க் கிழவர்கள் பகடை உருட்டி ஆடும் பலகை ஆட்டம்.

செத்தவரைப் பற்றி இப்படியா பேசுவது என்று எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். அந்தச் சண்டையை ரசித்துப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், செத்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர் கணக்குக்குத் தனியாக எழுதிக் கேட்டேன்: “நீங்க அவருக்கு என்ன உறவு?”

“நான்தான் அவர்” என்று பதில் வந்தது. உடனே போன் போட்டேன்.

“உயிரோடவா இருக்கீங்க?”

“இப்பத்தான் பீன்ஸ் சூப் குடிச்சேன்.”

“அப்புறம் எதுக்கய்யா சாவு நோட்டீஸ் போட்டீங்க?”

“அறிமுகம் எழுதச் சொன்னீங்க. ஒரு ஆளைப் பத்தி நான் எழுதினதெல்லாம் செத்துப்போன என் சம்சாரம் ஸ்லாத்தினாவுக்கு மட்டும்தான், ராய்னாம்மா. மூணு தடவை நோட்டீஸ் எழுதினேன். அதைப் பார்த்து இதை எழுதிட்டேன். கோடு போட்டா எடுப்பா இருக்கும்னு தோணுச்சு.”

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மனைவி போனபிறகு ஸ்பெயினில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு வருஷம் இருந்திருக்கிறார். அங்கே பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தன் பேச்சு புரியவில்லை என்றார். வசந்தத்தில் திரும்பி வந்தால், இங்கே அவர் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பழைய ஆள் ஒருவரும் மிச்சமில்லை. அக்டோபர் கடைசி, புனித திமிதர் நாள்வரை பார்ப்பது, அதற்குள் பேச ஓர் ஆள் கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு மகளிடமே போய்விடுவது. அப்படித்தான் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“உடனே திருத்தி எழுதிடறேன்” என்றேன்.

“வேணாம்மா. நாப்பத்து மூணு பேர் நல்லவன்னு எழுதியிருக்காங்க. உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா எத்தனை பேர் மிஞ்சுவாங்க?”

“நாப்பத்து ரெண்டுதான். ஒருத்தர் திட்டியிருக்காரு.”

“அவன் யாருன்னுதான் தெரியணும். அந்த நாப்பத்து மூணு பேர்ல என்னைத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்.”

எனக்கும் அது தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. அவர் வேண்டாமென்றதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மனிதர் நலமாக இருக்கிறார் என்று குழுவில் எழுதினேன். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். போன் மோசடிக்காரர்களிடம் ஜாக்கிரதை என்று வாராவாரம் எச்சரிப்பவளே நான்தானே. செத்தவர் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்று குழுவே கொதித்தது. வெலிச்கோ புதுப் போட்டோ ஒன்று போட்டார். அதே முறைப்பு, தலைமுடி மட்டும் இல்லை. “இப்பல்லாம் போட்டோவை மிஷினே செஞ்சு குடுத்துடுது” என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை நெதெல்யா. “அந்த ஆளை வெளியே தள்ளு, ராய்னா.” சாயங்காலத்துக்குள் நல்லவர் என்று எழுதிய பதினாறு பேர் எழுதியதை அழித்துவிட்டார்கள்.

வெலிச்கோ எனக்கு எழுதினார்: “விடுங்கம்மா. நானே வெளியே போயிடறேன். திமிதர் நாள்வரைக்கும் எதுக்கு, இப்பவே டிக்கெட் போடச் சொல்றேன்.”

என்னால் வந்த வினை. அழுகை வந்துவிட்டது எனக்கு. அப்போதுதான் துனாவ்-52 குழுவில் எழுதினார்: “அவனேதான்னா, எண்பத்தாறாம் வருஷம் கிரேன் மேலேருந்து ஆத்துல என்னத்தை எறிஞ்சான்னு சொல்லட்டும்.”

என் போன் அடித்தது.

“அதைப் போய் எல்லார் முன்னாலயும் சொல்லணுமா?” என்றார் வெலிச்கோ.

“அப்படி என்னதான் எறிஞ்சீங்க?”

“மானம் போயிடும்மா. இன்னும் இருபத்தாறு பேர் என்னை நல்லவன்னு நெனச்சிட்டிருக்காங்க.”

“அந்த இருபத்தாறு பேருக்கு உங்களைத் தெரியாது, ஐயா. கேக்கறவருக்குத் தெரியும்.”

போனை வைத்துவிட்டார். அவர் எழுதுகிறார் என்று காட்டும் புள்ளிகள் வந்தன, போயின, மறுபடி வந்தன. கடைசியில் பதில் வந்தது.

“பகடையை. ரெண்டையும். அன்னிக்கு வரிசையா ஏழு ஆட்டம் தோத்துட்டேன். நீ ஸ்தாமென் தானே? பல தடவை உன்னை ஏமாத்தியும் இருக்கேன்.”

பக்கத்து கிரேன் ஓட்டிய ஸ்தாமென். கடலோரம் பர்காஸுக்குக் குடிபோய் அங்கேயே செத்திருப்பான் என்றுதான் வெலிச்கோ நினைத்திருக்கிறார்; அவர் ஊர் திரும்பியது இவருக்குத் தெரியாது.

“ஏமாத்தினது அப்பவே தெரியும். வேற யாரு என்னோட ஆடப்போறான்னு பேசாம இருந்தேன்” என்று ஸ்தாமென் எழுதினார். கொஞ்சம் கழித்து இன்னொன்று எழுதினார்: “டேய், மத்தியானம் சர்ச்சுக்குப் போய் உனக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். கீழ்த்தட்டுல, செத்தவங்களோட. நாளைக்குப் போய் மேல்தட்டுல, உசுரோட இருக்கறவங்க பக்கம் ஒண்ணு ஏத்தணும். முட்டி வலியோட இன்னிக்குப் படி ஏறினதே பெரும்பாடு. நாளைக்கு நீ கூட வந்தா பிடிச்சுக்கிட்டு ஏறுவேன்.”

வெலிச்கோ எழுதினார்: “எத்தனை மணிக்கு?”