பர்மனென்ட் அட்ரஸில் பள்ளம் இருக்கிறது

நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. என்னால் ஆபத்தில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் கேட் பாஸ்.

இன்று ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் என் ஃபாரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், அழுக்குத் துணி மாதிரி.

“நீ எழுதின பர்மனென்ட் அட்ரஸ்ல ஊரே இல்லயாம். பொய் அட்ரஸ் குடுத்துக்கினு வந்து நிக்கிறியா?”

“பொய் இல்லீங்க சார். அந்த ஊர மைன்ஸுக்கு எடுத்துட்டாங்க. இப்ப மந்தாரக்குப்பத்துல வாடக வூட்ல இருக்கோம்.”

“வாடக வூடு டெம்பரவரி. பர்மனென்ட் அட்ரஸ்ல பக்கத்து வூட்டுக்காரங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணும்.”

“அங்க இப்ப பள்ளந்தான் சார் இருக்குது.”

“அப்ப அந்தப் பள்ளத்துல போய் யாருகிட்டயாவது வாங்கிக்கினு வா.”

“உள்ள போறதுக்கே கேட் பாஸ் கேப்பாங்க சார்.”

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார்: “அப்ப மொதல்ல கேட் பாஸ வாங்கு!”

அவர் சிரிக்கவில்லை. அந்த மூளைக்கு அது நகைச்சுவை என்றே தெரியவில்லை.

எங்கள் வீட்டை இடிக்க வந்த பொக்லைன் மட்டும் அட்ரஸ் தெரியாமல் அலையவில்லை. நேராக வாசலில் வந்து நின்றது. அதனிடம் யாரும் பாஸ் கேட்கவும் இல்லை.

எங்கள் பக்கத்து வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு ராட்சத மெஷின் கரி வெட்டிக்கொண்டிருக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் இருக்கும் நண்பர்கள் அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். கைநாட்டு என்றாலும் பரவாயில்லை.