இருமல் மருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளும்

இருமல் நின்று வெகுநாள் ஆகியும் இருமல் மருந்து மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. தில்லிக் குளிரிலும் புகையிலும் ஆரம்பித்த இருமல். எங்கள் ஜனக்புரியில் இருமாத வீடு ஏது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். என் கணவரின் ஷூவுக்குள் காலிப் பாட்டில் கிடைத்த அன்றுதான் உறைத்தது.

அதில் கோடீன் (அபின் இனத்தைச் சேர்ந்த, இருமலை அடக்கும் மருந்து) இருந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். விலகல் அறிகுறிகளை (பழகிய போதை நின்றதும் வரும் நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை) எல்லாம் தாண்டி வீடு திரும்பினார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் திரும்பியிருந்தால் உங்களுக்குத் தெரியும்: அவருக்கு நோய் குறையக் குறைய நமக்குச் சந்தேகம் ஏறும். நான் அவர் சட்டையை முகர்ந்தேன். குளியலறைக் கதவில் காது வைத்தேன்.

சிகிச்சை தந்த டாக்டரம்மா அவரை ஞாயிறுதோறும் நஜஃப்கரைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு அனுப்பினார். அங்கே இளைஞர்களிடம் அதே மருந்து பரவிக்கொண்டிருந்தது. மீண்டு வந்தவர் பேசினால் எடுபடும் என்றார். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மருந்து குடிக்க ஆசை வந்தால் உடனே தனக்குப் போன் பண்ணும்படி அவர்களிடம் இவர் சொல்லி வைத்திருந்தார். போன் வந்தால் பால்கனிக்குப் போய் இந்தியில் தணிந்த குரலில் பேசுவார். பேசுகிறவன் மருந்து விற்கிறவனோ என்று நான் கதவருகே நின்று ஒட்டுக்கேட்பேன்.

கிராமத்துக்குப் போகிறவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஒருமுறை அவருடையதில் அபின் தெரிந்தது. அந்த வாரம் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

"சத்தியமா தொடலை," என்றார்.

"குடிச்சவங்க எல்லாரும் சொல்றதுதாங்க இது. உங்களை நம்பினதுக்கு என்னைச் சொல்லணும்."

அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

மறுநாள் டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "அச்சா, கஸ்கஸ் போட்டு ஏதாவது சமைச்சீங்களா?"

கசகசா. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவந்து, உடம்பு தேறட்டும் என்று தேங்காயோடு தாராளமாக அரைத்து ஊற்றிய குருமா. அபின் செடியின் விதைதானாம் அது. அதைச் சாப்பிட்டாலும் பரிசோதனையில் காட்டலாமாம். கசகசாவை நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதித்தபோது ஒன்றும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ அப்படிப் பேசினதும் மருந்துக் கடைக்குப் போயிடலாம்னுதான் இருந்துச்சு," என்றார்.

"அப்புறம்?"

"சோனுவைக் கூப்பிட்டேன்."

சோனு அந்தக் கிராமத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். மருந்தை விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகிறது.

"நான் அவனுக்குச் சொல்றதையே எனக்குச் சொன்னான். தண்ணி குடிங்க அண்ணா, போனை வைக்காதீங்கன்னான். டிராக்டரை வயல்லயே நிறுத்திட்டு, எனக்கு அடங்குற வரைக்கும் பேசிட்டே இருந்தான்."

பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வெட்கமாக இருந்தது. ஆட்டோவிலேயே அழுதேன்.

நான் இன்னும் முழுதாகத் தேறவில்லை. வாசலில் சாவி திரும்பினால் இன்னும் அவர் சட்டையை முகரத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர் குளிக்கும்போது போன் அடித்தால் நானே எடுத்துவிடுகிறேன். "ருக்கோ பேட்டா, கொஞ்சம் இருப்பா, வைக்காதே," என்று அரைகுறை இந்தியில் மழை, கோதுமை, எருமை என்று எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பக்கம் இருக்கிறவன் மருந்தைக் குடிக்க மாட்டான். இப்போதெல்லாம் நான் நேரத்தை அப்படித்தான் கணக்கு வைக்கிறேன்.