ஒளித்து வைத்த ரொட்டித் துண்டுகள்

நாகவள்ளிக்கு முழங்கால் போய் வெகுநாளாயிற்று. வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அஜ்மானில் நாலு பொம்பளைகளோடு ஒரே ரூம். விடியுமுன், மாதக் காசு கொடுத்துப் பலரோடு போகும் கார் லிப்டில் துபாய்க்கு வருவாள். ரேச்சல் மேடத்தின் வில்லாவைக் கூட்டித் துடைத்துவிட்டு, பொழுது சாய்ந்தால் திரும்புவாள். பரமக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் செத்த மறுவருஷம் பிளேன் ஏறியவள். ஏறும்போது அழவில்லை. அவன் இருந்தபோது அழுததே போதும் என்று இருந்தது.

ரேச்சல் மேடம் பம்பாயில் பிறந்த யூதப் பெண். நாகவள்ளியோடு இந்தியில்தான் பேச்சு. வில்லாவின் கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் யூதப் பிள்ளைகளுக்குத் தங்கள் வழிமுறையைச் சொல்லிக்கொடுப்பார். புத்தகத்தைவிடக் கைவேலைதான் அதிகம். களிமண்ணில் விளக்கு பிடிப்பார்கள். மாவைச் சடைபோலப் பின்னி ரொட்டி சுடுவார்கள். பழைய கதைகளைப் படமாக வரைவார்கள். பிள்ளைகள் கையால் படித்ததையெல்லாம் நாகவள்ளி தன் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். களிமண் போகும், பெயின்ட் போகும், காய்ந்த மாவு மட்டும் உயிரை வாங்கும்.

இந்த வீட்டில் அவளுக்கு இது முதல் பஸ்கா பண்டிகை. அந்த நாட்களில் புளித்த மாவுப் பண்டம் ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாதாம். ரொட்டி, பிஸ்கட், கேக் எதுவும் ஆகாது. அதற்காக வீட்டையே புரட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு டிராயராகக் கவிழ்த்தாள். சோபா மெத்தையை உதறினாள். செருப்பு ஸ்டாண்டுக்குள் எல்லாம் கையை விட்டுத் துழாவினாள்.

ஊரில் மகள் அகிலாவுக்குத் தலைப்பிரசவம். மாமியாரும் இல்லாத வீடு, இவள்தான் போய்ப் பார்க்க வேண்டும். "வீடு முழுசும் சுத்தமானாத்தான் லீவு" என்று மேடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலை பிளேன்.

ஒரு இடம் மட்டும் பாக்கி. பிள்ளைகளின் பெயின்ட், பசை, மாவு உருட்டும் கட்டை எல்லாம் வைக்கும் மர அலமாரி ஒன்று ஸ்டோர் ரூமில் நின்றது. அடியில் நாலு விரல் இடைவெளி, துடைப்பம் நுழையாது. தரையோடு தரையாகப் படுத்தால்தான் கை எட்டும். நாகவள்ளி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். குனிந்து பார்த்தாள், முழங்கால் நறுக்கென்றது. நிமிர்ந்து போய் மேடத்திடம், "கலாஸ் மேடம், எல்லாம் முடிஞ்சுருச்சு" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை அவள் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கழுவி முடித்து, கடைசியாக ஒரு சுற்று துடைப்பத்தோடு வந்தவள் திகைத்து நின்றாள். திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். ஜன்னல் விளிம்பில் ஒன்று. செருப்பு ஸ்டாண்டில் ஒன்று. இப்படி இன்னும் சில. பிரித்தால் ரொட்டித் துண்டு!

அவ்வளவையும் பொறுக்கி வாசலுக்குக் கொண்டுபோனாள். டிரைவர் வைரவன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாருடா இந்த அக்கிரமத்த. இடுப்பொடிய தொடச்சு வச்சா, மூலைக்கு மூலை ரொட்டியச் சொருகி வச்சிருக்குதுங்க."

"குப்பையில போடுக்கா."

"சாப்பிடுற பொருள எவடா குப்பையில போடுவா? ஒங்காத்தா போடுவாளா?"

"எங்காத்தாவ ஏன்க்கா இழுக்குற? அவ ஊர்ல செவனேன்னு கெடக்கா."

மதில்மேல் ரொட்டியை உதிர்த்துப் போட்டாள். மைனாக்கள் வந்து கொத்திக்கொண்டு போயின. காகிதங்களில் பிள்ளைகள் மீன், நிலா, ஒட்டகம் என்று வரைந்திருந்தன. கிழிக்க மனசு வராமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

பள்ளிவாசலில் அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு சொல்லி ஓய்ந்ததும் மேடம் விளக்கை அணைத்தார். பிள்ளைகள் ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறு கையில் இறகுமாக வரிசை கட்டின. ஒருவர் ஒளித்து வைத்த ரொட்டியை மற்றவர் தேடி, இறகால் மரக்கரண்டியில் தள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் காலை அதை எரிப்பார்கள். வீட்டில் இனி புளித்தது இல்லை என்பதற்கு அது சாட்சி. திரையை விலக்கினார்கள், இல்லை. ஜன்னலில் இல்லை. செருப்பு ஸ்டாண்டில் இல்லை. ஒரு பெண்பிள்ளை விசும்பத் தொடங்கியது.

நாகவள்ளிக்கு அப்போதுதான் விளங்கியது. நேரே கூடத்துக்குப் போய்க் காகிதங்களை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் எடுத்தேன் மேடம். குப்பைன்னு நெனச்சேன். ரொட்டி பூரா மைனாவுக்குப் போயிருச்சு."

மேடம் திட்டவில்லை. காகிதங்களை எண்ணினார். "ஒம்போதுதான் இருக்கு. பத்து வச்சோம். அந்த ஒண்ணு கெடைக்கலன்னா வீடு முழுக்க மறுபடி தேடணும், நாகவள்ளி. நீ நாளைக்குக் கெளம்ப முடியாது."

பத்தாவது பொட்டலம் இலானா என்ற சின்னவளுடையது. எங்கே வைத்தாய் என்று எல்லாரும் கேட்க, அது மிரண்டுபோய், "கீழே, கீழே" என்றது. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அந்த வீட்டில் எத்தனையோ 'கீழே' உண்டு. அத்தனையிலும் நாகவள்ளியின் துடைப்பம் போய்வந்திருக்கிறது, ஒன்றைத் தவிர. சும்மா இருந்தால் ராத்திரி பூரா தேடுவார்கள். சொன்னால் பொய் வெளுக்கும். எப்படியும் லீவு போச்சு என்று தோன்றியது. இழுத்தடிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஸ்டோர் ரூம் அலமாரிக்கு அடியில பாருங்க. அங்க மட்டும் நான் தொடைக்கல."

"எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன். முட்டி மடங்க மாட்டேங்குது. ஒங்ககிட்ட சொன்னா வேற ஆளப் பாத்துக்குவீங்க."

மேடம் வைரவனைக் கூப்பிட்டார். அவன் அலமாரியை முக்கித் தள்ளினான். நீலத் திமிங்கிலம் வரைந்த பொட்டலம் அங்கே கிடந்தது. அதைச் சுற்றி எப்போதோ சிந்திய பிஸ்கட் தூளும், காய்ந்த மாவு உருண்டைகளும். பிள்ளைகள் கத்திக்கொண்டு தரையில் விழுந்தன. இது யாரும் ஒளித்து வைக்காத நிஜமான புளித்த மாவு அல்லவா! இறகாலும் விரலாலும் கூட்டி எடுத்தன. ஒன்று நாக்கை நீட்டி ருசி பார்க்கப் போய் அடி வாங்கியது.

நாகவள்ளி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அந்த வில்லாவில் மேடத்தின் கண்ணெதிரே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"லீவு உண்டா இல்லையா, இப்பவே சொல்லிருங்க மேடம். சூட்கேஸப் பிரிக்கணுமா வேணாமா?"

மேடம் மரக்கரண்டியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"போயிட்டு வா. அங்க முட்டிய டாக்டர்ட்ட காட்டு. சரியாகலன்னா போன் பண்ணிச் சொல்லு, நான் வேற ஆளப் பாக்கணும்."

அது அன்பா கறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யோசிக்கவும் தெம்பு இல்லை. வைரவன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"திரும்பி வருவியாக்கா?"

"மொதல்ல எந்திரிக்க விடுடா" என்றாள்.