தராசை யார் மூடுவது?

புரோகிராம் எழுதற தொழில்ல திறக்கறதுக்கு ஆள் நெறைய உண்டுங்க, மூடறதுக்குத்தான் யாரும் கிடைக்க மாட்டாங்க. என்னைப் போல இதுல மாட்டிக்கிட்டு முழிக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. புரோகிராம் ஓடறப்ப வேலைக்குன்னு சில ஆப்ஜெக்டுகளை உண்டாக்குவோம். வேலை முடிஞ்சா அதையெல்லாம் மூடிடணும், இல்லேன்னா பிடிச்சதை விடாது. ஃப்ரேம்வொர்க்னு ரெடிமேடா ஒரு கூடு வாங்கி, அதுக்குள்ளதான் எழுதறோம். அது தான் உண்டாக்கினதைத் தானே மூடிக்கும். நாம உண்டாக்கி அது கையில கொடுத்ததைத் தொடாது. எல்லா வம்பும் அங்கதான்.

குமுளியில் நின்ற எடை

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. கூட வேலை பார்த்த நாசர் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பையன். அத்தாவோட ஜவுளிக்கடையில உக்கார மாட்டேன்னு கம்ப்யூட்டருக்கு வந்தவன். குமுளியில பாண்டியண்ணன் ஏலக்காய்க் கடைக்கு, தராசுல நிக்கற எடை நேரா பில்லுல விழற மாதிரி செஞ்சு கொடுத்தோம்.

தராசோட பேசற ஆப்ஜெக்டை நாசர் உண்டாக்கி ஃப்ரேம்வொர்க் கையில கொடுத்தான். அது மூடிக்கும்னு அவன் இருந்தான். அவன் மூடிக்குவான்னு நான் இருந்தேன். முதல் மூட்டையோட தராசு சிக்கிப்போச்சு. கடை நிறைய ஆளு, எல்லாரும் எங்களையே பார்க்கறாங்க. பாண்டியண்ணன் சத்தம்கூடப் போடலை.

"ஏந்தாயி, படிச்ச புள்ளைக ரெண்டு பேரு இருக்கீக, ஒரு கதவைச் சாத்த ஆளில்லையாக்கும்?"

ரெண்டு பேரும் மூடியது

அடுத்த நாள் சொல்லாம கொள்ளாம அவனும் சரி பண்ணினான், நானும் சரி பண்ணினேன். மூட்டை தராசுல இருக்கறப்பவே என்னுது மூடிருச்சு. மூடினதையே அவனுது மறுபடி மூடப் போக, புரோகிராமே படுத்துருச்சு. கம்பத்துக்கு இறங்கற பஸ்ல வழி முழுக்கச் சண்டை. பக்கத்து சீட்டுக்காரர் எங்களைப் புருஷன் பொண்டாட்டின்னு நினைச்சு சமாதானம் பண்ணினாரு. கடைசியில நாசர் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் உண்டாக்கினதை நான் மூடிக்கறேன் சாந்தி. நீ கை வைக்காதே தாயே!"

நாசர் விட்டுப் போனது

போன மழைக்காலத்துல, காலையில பள்ளிவாசலுக்குத் தொழப் போனவன் நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தான். அவ்வளவுதாங்க. என் வயசு அவனுக்கு.

அப்புறம் பாண்டியண்ணன் கடையைப் புது ஃப்ரேம்வொர்க்குக்கு மாத்தற வேலை என் தலையில விழுந்துச்சு. பழைய புரோகிராம்ல நாசரோட ஆப்ஜெக்ட் ஒண்ணு தராசைப் பிடிச்சுட்டு இருக்குது. அதை மூடினாத்தான் புதுசு தராசைத் தொட முடியும். உள்ளே பார்த்தேன். காலையில கடையில தராசைப் போட்டதும், சரியா ஓடுதான்னு பார்க்கற சாக்குல, அவன் சம்சாரம் ஷாஹிதா போனுக்கு ஒரு மெசேஜ் போற மாதிரி வெச்சிருக்கான்: "தராசு எந்திரிச்சிருச்சு, நீ எந்திரிச்சியா?" அவன் போன பின்னாடியும் அது போயிட்டேதான் இருந்திருக்குது. பழசை மூடினா இந்த மெசேஜும் நின்னுடும். புது புரோகிராம்ல இருந்து நானே அதை அனுப்ப வெக்கலாம். ஆனா அது நான் அனுப்பற மாதிரி ஆயிடுமே!

புருஷன் போனா நாலு மாசம் பத்து நாள் இருக்கற இத்தாவுல, ஷாஹிதா வீட்டை விட்டு வெளியே வராம இருந்தா. நேர்ல போய் விஷயத்தைச் சொன்னேன். போனை மடியில கவுத்து வெச்சுட்டா.

"அவர் அனுப்பறதில்லைன்னு தெரியும்க்கா. ஆனா காலையில எந்திரிக்க எனக்கு வேற ஒண்ணுமில்லை, மூடிடாதீங்க."

மூடச் சொன்ன ஆள்

மூடலை. கொஞ்சம் பொறுங்கண்ணான்னு பாண்டியண்ணன்கிட்ட கெஞ்சினேன். காரணத்தைக் கேட்டவரு, "இருக்கட்டும் தாயி"ன்னு பழசையே ஓட்டினாரு. இத்தா முடிஞ்சு, ஷாஹிதா மறுபடி ஸ்கூல் வேலைக்குப் போக ஆரம்பிச்சா. ஒரு நாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டா.

"இன்னிக்குக் கடை லீவு போலக்கா, மெசேஜ் வரலை. வரலைங்கறதே எனக்கு மத்தியானம்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்களே மூடிடுங்க."

நாசர் கை வைக்காதேன்னு சொன்ன இடத்துல கை வெச்சு மூடினேன். ஒரு எர்ரரும் வரலைங்க, எங்க தொழில்ல இதைத்தான் நல்ல வேலைன்னு சொல்லுவாங்க.