பதின்மூன்றுக்குப் பதின்மூன்று

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஏழுமலைக்கு வொலிபோல் என்றால் உயிர். தன் மாவட்ட அணி நான்கு இறுதிப்போட்டிகளில் தோற்றதை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும், "ஆட்டம் நம்மளுது, அதிர்ஷ்டம் அவங்களுது" என்று சொல்லிவிட்டு டீவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்த வருடம் ஐந்தாவது. கொழும்பில் திறந்த மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு செட் எடுத்திருந்தார்கள். பதினைந்து புள்ளிக் கடைசி செட்டில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று நின்றபோது அங்கே மழை கொட்டியது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஏழுமலை வீட்டில் டீவி முன்னால் நாற்காலியின் நுனியில் காத்திருந்தார். சரியாக ஐந்து மணிக்குத் திரை நீலமானது. 'ஒளிபரப்பு உரிமை முடிவடைந்தது' என்று ஒரே ஒரு வரி.

டிஷ் வயரைப் பிடுங்கிச் செருகினார். அதே வரி.

"வயருல ஒண்ணுமில்லீங்க. அவங்கதான் நிறுத்திட்டாங்க" என்றாள் மனைவி ஜெயம்மா.

"இன்னும் ரெண்டு பாயிண்டு ஜெயம்மா. ரெண்டே ரெண்டு."

கடைவீதியில் போன் கடை வைத்திருக்கும் ஸப்வான் மைதானத்துக்கே போயிருந்தான். எட்டாவது தடவை அழைத்தபோதுதான் எடுத்தான்.

"அண்ணே, நாமதான் சம்பியன்."

"மழை விட்டுருச்சா?"

"எங்க விட்டிச்சு? ரெண்டு அணி பேரையும் எழுதித் தொப்பிக்குள்ள போட்டு ஒண்ண எடுத்தாங்க. நம்ம பேரு வந்திச்சு."

"தொப்பிக்குள்ளயா?"

"நாளைக்கு வைக்க ஏலாதாம். டீவிக்காரங்க நேரம் குடுக்கலயாம். எதிர் டீம் கேப்டன் மழைக்குள்ளயே உக்காந்திட்டான் அண்ணே. எழும்பவே இல்ல."

நான்கு தோல்விகளுக்குப் பிறகு தானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது ஏழுமலைக்கு நினைவு வந்தது. இத்தனை வருடம் கேட்ட அதிர்ஷ்டம் இப்படி ஒரு துண்டுக் காகிதமாக வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ஸப்வான், அடுத்த சேர்வ் யாருக்கு இருந்திச்சு?"

"நமக்குத்தான். ஏன் அண்ணே?"

ஏழுமலை போனை வைத்தார்.

"தோத்துட்டாங்களா?" என்று ஜெயம்மா மெதுவாகக் கேட்டாள்.

"சம்பியன்."

"பின்ன ஏங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

அவர் எழுந்து, இன்னும் அதே வரி நின்ற டீவியை அணைத்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஆட்டம் இன்னும் முடியலங்க" என்றார் ஏழுமலை. சிரித்தார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு தன் மரங்களைப் பார்த்து நடந்தார்.