சுடாத கால்

பங்குனி மாதம் மத்தியான வேளையில் ஸ்ரீரங்கம் கோயில் பிரகாரக் கல்லில் நடப்பது நடை அல்ல, ஓட்டம். எல்லாரும் நிழலைத் தேடிக் குதித்து ஓடும்போது நான் மட்டும் கையை வீசிக்கொண்டு நிதானமாகப் போவேன். "மாமாவுக்குப் பெருமாள் அனுக்கிரகம், கல் சுடவே சுடாது" என்று உறவுக்காரர்கள் வியந்தார்கள். நான் மறுக்கவில்லை. எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒருநாள் கோயிலிலிருந்து வந்து கூடத்தில் நடந்தேன். என் மனைவி தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"ஏன்னா, தரையெல்லாம் செவப்பா இருக்கே. ரத்தமா?"

"நெத்திக்கு இட்டுக்கற ஸ்ரீசூர்ணம் கொட்டியிருக்கும்" என்றேன்.

வலது காலின் கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து குழி விழுந்திருந்தது. வலிக்காத புண்ணுக்கு டாக்டர் எதற்கு என்று உறையூர் மைத்துனர் கேட்டார். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போடச் சொன்னார். மூன்று வாரம் போட்டேன். விரல் கறுத்த அன்று மனைவி என்னைக் கேட்காமலே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"இதால உங்க காலைத் தொடுவேன். தொடும்போது மட்டும் 'தெரியுது'ன்னு சொல்லுங்க."

பரீட்சையில் தோற்கும் பழக்கம் எனக்கில்லை. சற்றுப் பொறுத்து, "தெரியறது" என்றேன். இன்னும் சற்றுப் பொறுத்து, "நன்னா தெரியறது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லைங்க" என்றார் டாக்டர்.

மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "கால்ல உணர்ச்சியே போயிடுச்சுங்க. அதான் சூடும் தெரியல, புண்ணும் தெரியல. இப்ப விரலை எடுத்தா பாதம் தப்பிக்கும். தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்" என்றார் டாக்டர். அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். ஒரு விரலோடு போனது. நலம் விசாரிக்க வந்தவர்கள் மறக்காமல் மைசூர்பாகு வாங்கி வந்தார்கள்.

இப்போதெல்லாம் குளித்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட வேண்டும். மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் பார்ப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். போன வாரம், "இன்னிக்குப் பார்க்க வேண்டாம். காலெல்லாம் நன்னாத்தான் இருக்கு, நேக்கே தெரியறது" என்றேன்.

"நீங்க தெரியறதுன்னு சொன்னாத்தான் நேக்கு பயமா இருக்கு" என்று சொல்லிக் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.